தத்துவபோதகர் தமிழ் பயின்ற நாட்கள்



உங்கள் பாட்டிமார் சொல்லித் தந்த பழைய செபங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். சருவேசுரன், ஞானஸ்நானம், பூசை, குரு, வேதம், கோயில் என்று எத்தனை சொற்கள்! இவை தொடக்கத்திலிருந்தே நம்மிடம் இருந்தவை என்றுதான் பலரும் எண்ணுகிறோம். நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொற்கள் கிறிஸ்தவர்களின் வாயில் இருக்கவில்லை. ஆலயத்துக்கு ஒரு போர்த்துக்கேயச் சொல், பூசைக்கு ஒரு போர்த்துக்கேயச் சொல், சிலுவைக்குக் ‘குருசு’ என்று காலம் போய்க்கொண்டிருந்தது. அந்த நிலையை மாற்றி, நமது வேதத்தைத் தமிழ்ச் சொற்களால் பேச வைத்தவர்களுள் முதலிடம் பெறுபவர் இத்தாலி நாட்டு யேசு சபைக் குரு றொபேட் டி நொபிலி அடிகளார். தத்துவபோதக சுவாமிகள் என்று சொன்னால் உங்களில் பலருக்கு உடனே விளங்கும்.

அவருடைய நீண்ட வாழ்க்கையையும் அவர் எழுதிய நூல்களையும் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது, அவர் தமிழ் ஒரு சொல்லும் அறியாத இளம் குருவாக நம் கடலோரத்துக்கு வந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்தையும், அந்தப் படிப்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் பற்றித்தான்.

றொபேட் 1577 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இத்தாலியில் ஒரு பிரபு குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தை பாப்பரசரின் படையில் தளபதி. பாப்பரசர் மூன்றாம் ஜூலியஸ் அவர்களது உறவினர். புகழ்பெற்ற கர்தினால் பெலார்மினும் உறவு முறையானவரே. அப்படிப்பட்ட வீட்டில் மூத்த மகனுக்குக் காத்திருப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டமும் காணியும் நல்ல இடத்துப் பெண்ணும் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. பையனோ யேசு சபையில் சேர்ந்து இந்தியாவுக்குப் போவேன் என்று நின்றார். வீட்டார் தடுத்தார்கள். அவர் அவர்கள் கண்ணுக்கு மறைந்து நேப்பிள்ஸ் நகருக்குப் போய், சில காலத்தின் பின் அங்கே நவசந்நியாசத்தில் சேர்ந்தார். அங்கு மெய்யியலும் பின்னர் உரோமாபுரியில் இறையியலும் பயின்று, 1603 இல் குருப்பட்டம் பெற்றார்.

1604 இல் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். அந்நாளில் கீழைத்தேசங்களுக்குப் போகும் எந்தக் குருவும், இத்தாலியரானாலும் ஸ்பானியரானாலும், போர்த்துக்கல் அரசரின் அனுமதியோடு லிஸ்பன் வழியாகத்தான் போக வேண்டும். மொசாம்பிக் கரையோரம் அவர்களது கப்பல் சேதமடைந்தது. அங்கே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து, 1605 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் திகதி கோவா வந்து சேர்ந்தார். புறப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கோவாவில் சில மாதம், கொச்சியில் நோயோடு சில காலம். அதன்பின், மலபார் மாகாணத் தலைவராக இருந்த அல்பேட்டோ லயேர்சியோ அடிகளார் அவரை முத்துக்குளித்துறைக் கரைக்கு அனுப்பினார். தமிழைப் படித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை.

முத்துக்குளித்துறை என்றால் நமக்குப் புதிய இடமல்ல. தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் என்ற அந்த ஊர்களும் நமது மன்னாரும் ஒரே கடலைப் பார்த்து இருப்பவை. போக்குவரத்தும் கொள்வினை கொடுப்பினையும் அன்றே இருந்தன. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 இன் இறுதியில் அந்தக் கரையில் காலடி வைத்தார். அவருக்கும் முதல் சோதனை மொழிதான். இரு மொழியும் தெரிந்த சிலரைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடமாக்கிக்கொண்டு, கையில் மணியோடு தெருத் தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பெரிய பிழை புகுந்துவிட்டது. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் விழுந்திருந்தது. சர்வ வல்லபரான பிதா எனக்கு வேணும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது போலும்! (பக்தியின் கோணத்தில் பார்த்தால் அதுவும் தவறான செபம் அல்லவே என்று யாராவது சொல்லக்கூடும்.) சவேரியாரே இதைக் கண்டுபிடித்து, தம்மோடு உழைத்த மான்சில்லாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார்.

அவருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகள், அதாவது என்றிக் என்றீக்கஸ், அரைநூற்றாண்டுக்கு மேல் அந்தக் கரையில் உழைத்தவர். சில காலம் மன்னாரிலும் இருந்தவர். தொடக்கத்தில் அவரும் துபாசிகளை நம்பியே போதித்தார். அது போதாது என்று கண்டு, இரவு பகலாகத் தமிழ் படித்து, ஐரோப்பியருக்காக ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். 1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைக்கும் முதல் நூல் அது, பதினாறே பக்கம். நொபிலி அப்போது ஒரு வயதுக் குழந்தை. அண்ட்ரிக் அடிகள் 1600 இல் புன்னைக்காயலில் காலமானார். நொபிலி அந்தக் கரைக்கு வந்தது அதற்கு ஆறு ஆண்டுகளின் பின். ஆகவே அவர் வெறும் மணலில் தொடங்கவில்லை. முன்னோர் வெட்டிய பாதை இருந்தது.

இருந்தாலும், வாசகரே, அந்தப் பாதை எவ்வளவு கரடுமுரடானது என்பதை நீங்கள் அறிய வேண்டும். இன்று நம் பிள்ளைகள் அரிவரியில் படிக்கும் எழுத்து வேறு; 1606 இல் ஓலையில் இருந்த எழுத்து வேறு. எழுத்தாணியால் கீறும்போது ஓலை கிழிந்துவிடும் என்பதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ‘க’ என்று எழுதியிருந்தால் அது க வா, க் கா என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இல்லை. அந்த வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கிய பெருமை, நூறாண்டு கழித்து வந்த வீரமாமுனிவருக்கு உரியது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. முழு வரியும் ஒரே சங்கிலி. மொழியை ஏற்கெனவே அறிந்தவன்தான் அதைப் படிக்க முடியும். மொழியை அறிவதற்காகப் படிப்பவன் என்ன செய்வான்?

பேச்சிலும் அதே துன்பம். இலத்தீனும் இத்தாலியனும் பழகிய நாவுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றே. ந, ன, ண மூன்றும் ஒன்றே. அதற்கு மேல், கடற்கரையில் மீன் விற்கும் தமிழ் ஒன்று, ஏட்டில் எழுதும் தமிழ் வேறொன்று. ஒன்றைக் கற்றவனுக்கு மற்றது விளங்காது. இத்தாலியிலும் ஊருக்கு ஒரு பேச்சு உண்டு என்றாலும் இப்படிப்பட்ட இரட்டை வழக்கை அவர் கண்டிருக்க மாட்டார். நமது ஊர்களில் பணிசெய்த பிரெஞ்சுக் குருமாரைப் பற்றிப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லும் கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிரசங்கத்தில் ஒரு எழுத்து மாறினால் பொருளே கவிழ்ந்துவிடும். சிரிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த மனிதர் முப்பது வயதில் வந்து, ஒரு குழந்தையைப் போல் பேசப் பழகி, குழந்தையைப் போல் சிரிக்கப்பட்டும், அடுத்த ஞாயிறும் அதே பீடத்தடியில் நின்று பேசினார். பெருங்குடியில் பிறந்து, உரோமாபுரியில் இறையியல் வாதங்களில் பேர் பெற்ற ஒருவருக்கு இது சிறிய தவம் அல்ல.

நொபிலி அந்தக் கரையில் ஏறக்குறைய ஏழு மாதம் இருந்தார். அந்தச் சுருங்கிய காலத்துக்குள் துபாசியின் துணையின்றித் தமிழ் பேசும் நிலைக்கு வந்துவிட்டார். அறிவுக் கூர்மை ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. அவருடைய நினைவாற்றலைப் பகைவரும் மறுக்கவில்லை. ஆனால் என் எண்ணத்தில் வேறொரு காரணமும் உண்டு. தமிழை அவர் ஒரு கருவியாக மட்டும் படிக்கவில்லை. இந்த மொழியில் கற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதிய நூல்கள் இருக்கின்றன, அவற்றையும் அறிய வேண்டும் என்ற ஆவல் அவருக்கு முதலிலேயே பிடித்துக்கொண்டது. கரையில் போதுமான அளவு பேசக் கற்றதும் பலர் நின்றுவிட்ட இடத்தில் அவர் நிற்கவில்லை.

1606 நவம்பர் மாதத்தில் லயேர்சியோ அடிகளார் அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றார். அப்போது நொபிலிக்கு வயது 29.

மதுரை நாயக்க மன்னரின் தலைநகரம். முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம். பெருங்கோயிலும் நான்கு மாசி வீதிகளும் கற்றோர் கூட்டமும் நிறைந்த நகரம். சில ஆண்டு கழித்து நொபிலி தாமே எழுதியபடி, அங்கே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கர் இருநூறு முந்நூறு பேர் கொண்ட கூட்டங்களாக ஆசிரியர்களிடம் பயின்றனர். அப்படிப்பட்ட நகரில் 1595 முதல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கேய குரு இருந்தார். முன்னாளில் போர்வீரர். அப்போது அறுபதைக் கடந்தவர். கரையோரத்திலிருந்து வியாபாரத்துக்கு வரும் பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைத்தார். சிறு பள்ளிக்கூடம் நடத்தினார். நோயாளருக்கு ஒரு மருத்துவமனையும் வைத்திருந்தார். ஊரார் அவரை வெறுக்கவில்லை. நல்ல மனிதர் என்றே எண்ணினார்கள். ஆனால் பதினொரு ஆண்டில் மதுரை மக்களுள் ஒருவர் கூட அவரிடம் வேதத்தில் சேரவில்லை.

ஏன்? இந்தக் கேள்வியோடுதான் நொபிலியின் மதுரை வாழ்க்கை தொடங்கியது. விடையை அவருக்குக் கொடுத்தது அவர் படித்த தமிழே.

வாசகரே, பறங்கி என்ற சொல்லை நாம் இன்று நமது நாட்டில் ஒல்லாந்த, போர்த்துக்கேய வழித்தோன்றல்களைக் குறிக்கச் சாதாரணமாகச் சொல்கிறோம். அதில் இழிவு எதுவும் இல்லை. 1606 இன் மதுரையில் அப்படி அல்ல. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன், குல ஒழுக்கம் இல்லாதவன் என்று பொருள். கடலோரத்துப் படைவீரரையும் மாலுமிகளையும் கண்ட மக்கள் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. போர்த்துக்கேயரோ அந்தச் சொல்லுக்குப் போர்த்துக்கேயர் அல்லது கிறிஸ்தவர் என்பதுதான் பொருள் என்று நினைத்துக்கொண்டு, பெருமையோடு தாமே அதைச் சொல்லி வந்தார்கள். இதைவிடக் கொடிது, ஞானஸ்நானச் சடங்கில் நடந்தது. கிறிஸ்தவனாக விரும்புகிறாயா என்று கேட்க வேண்டிய இடத்தில், கரையோரத்து மொழிபெயர்ப்பாளர் வழக்கப்படுத்தியிருந்த கேள்வி, பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா என்பது! பெர்னாண்டஸ் அடிகளும் மதுரையில் அப்படியே கேட்டு வந்தார்.

சவேரியார் காலத்து ‘வேணும்’ என்ற பிழை சிறு பிழை. இது வாசலையே அடைத்துவிட்ட பிழை. யேசுவை ஏற்றுக்கொள்ள ஒருவன் தன் தாயையும் தகப்பனையும் உறவையும் விட்டு, இழிந்ததென்று எல்லாரும் கருதும் வேற்றினத்தில் போய்ச் சேரச் சம்மதிக்க வேண்டும் என்று குருவானவரே கேட்கிறார். எவன் சம்மதிப்பான்? பதினொரு ஆண்டு அந்த நல்ல மனிதர் தம் கையாலேயே கதவைச் சாத்திவிட்டு, ஏன் ஒருவரும் உள்ளே வரவில்லை என்று ஏங்கிக்கொண்டிருந்தார். சொற்களின் அகராதிப் பொருள் தெரிந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று நிறுத்தி நினைக்கலாம். சொல் தெரு வழியே போகும்போது மக்கள் மனதில் எதை எழுப்புகிறது என்பதை அறிந்தவனே மொழியை அறிந்தவன். நமது குருமாணவர் இன்று சிங்களம் படிக்கிறார்கள், தெற்கிலிருந்து வருவோர் தமிழ் படிக்கிறார்கள். பரீட்சையில் சித்தியெய்துவது அதன் பாதிதான்.

நொபிலி இதை எப்படி அறிந்தார்? மக்களோடு பேசி, அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான். பெர்னாண்டஸ் அடிகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர் ஓர் இளம் சைவர். அவரோடு நொபிலி நெருங்கிப் பழகினார். முதலில் அவர் மொழிக்குத் துணை; பின்னர் வாதத்துக்குத் துணை. ஏறக்குறைய இருபது நாள், நாளொன்றுக்கு நான்கைந்து மணிநேரம், இருவரும் இருந்து பேசினார்கள். பேசிய பொருள் எளியதல்ல. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதியா? கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தாரா? மறுபிறப்பு உண்டா? உண்டென்றால் முன்வினை முதலில் எங்கே தொடங்கியது? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நமக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை. நமது அயலவரான சைவ நண்பர்கள் இன்றும் இவற்றைத்தான் கேட்கிறார்கள். ஒரு வருடத்துக்கு முன் தமிழ் அரிச்சுவடி கூட அறியாதிருந்த ஓர் இத்தாலியர், மதுரையில் ஒரு சைவ ஆசிரியரோடு தமிழில் இவற்றை வாதாடினார் என்றால் அவருடைய முயற்சியை நீங்களே அளந்துகொள்ளலாம்.

வாதத்தின் முடிவில் அந்த ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றார். மாகாணத் தலைவரின் பெயரால் அல்பேட் என்ற பெயர் சூட்டப்பட்டது. மதுரையில் நொபிலியின் முதல் கனி அவர்.

அந்த உரையாடல்களிலிருந்து நொபிலி ஒரு முடிவுக்கு வந்தார். தாம் பறங்கி அல்ல என்பதை மக்கள் கண்ணால் காண வேண்டும். லயேர்சியோ அடிகளாரிடமும், சுரியானியும் மலையாளமும் நன்கறிந்த ஆயர் பிரான்சிஸ் றோசிடமும் ஆலோசனை கேட்டு அனுமதி பெற்றார். கறுப்பு அங்கியையும் தோல் சப்பாத்தையும் கழற்றினார். காவி உடுத்தார். மரப் பாதக்குறடு அணிந்தார். இறைச்சி, மீன், முட்டை, மது எல்லாவற்றையும் விட்டு, நாளுக்கு ஒருவேளை சோறும் மரக்கறியும் பாலும் என்று வாழத் தொடங்கினார். பெர்னாண்டஸ் அடிகளின் இல்லத்தை விட்டு, பிராமணர் வாழும் பகுதியில் ஒரு மண் குடிசைக்குக் குடிபோனார். இது 1607 இன் முடிவில்.

மொழிப் படிப்பு அங்கே நிற்கவில்லை. வடமொழியில் வல்ல சிவதர்மர் என்ற பிராமணர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அந்நியர் ஒருவருக்கு வடமொழி வேதங்களைச் சொல்லிக்கொடுப்பது அந்நாளில் பெருங்குற்றம். ஆசிரியருக்கே ஆபத்து. ஆகவே அந்தப் படிப்பு மறைவாக நடந்தது. ஐரோப்பியருள் வடமொழியை முறையாகக் கற்று அதன் வேத நூல்களை அறிந்த முதல் மனிதர்களுள் நொபிலி ஒருவர் என்பதை இன்று அறிஞர் யாவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அரண்மனை மொழியான தெலுங்கையும் கற்றார்.

இங்கே பெர்னாண்டஸ் அடிகளைப் பற்றிச் சில வார்த்தை சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நொபிலியின் சரித்திரம் எழுதுவோர் பலர் இவரைப் பொறாமைக்காரராக்கி விடுகிறார்கள். அது நீதியல்ல. ஒருவர் தம் வாழ்நாளின் நல்ல பங்கைத் தனிமையில் ஓர் அந்நிய நகரில் செலவிட்டிருக்கிறார். இளைஞர் ஒருவர் வருகிறார். ஓராண்டுக்குள் கிழவரின் உழைப்பு முழுவதும் ஒரு தவறான சொல்லின் மேல் கட்டப்பட்டது என்று காட்டுகிறார். அதன்பின் அவரோடு ஒரே பந்தியில் இருந்து உண்பதும் இல்லை. அவர் ஆலயத்துக்கு வெளிப்படையாக வருவதும் இல்லை. தாம் பறங்கி அல்ல என்று 1611 இல் தம் வாசலில் ஓலை எழுதி ஒட்டினார் நொபிலி. பறங்கியரின் நாட்டில் பிறந்தவர் அல்ல, அவர்கள் குலத்தவரும் அல்ல, உரோமாபுரியில் உயர்ந்த குடியில் பிறந்தவர் என்று அதில் அறிவித்தார். சொன்னது பொய் அல்ல, எல்லாம் உண்மை. ஆனாலும் அடுத்த தெருவில் இருந்த கிழக் குருவுக்கு அந்த ஓலை எப்படி இருந்திருக்கும்? பெர்னாண்டஸ் 1610 இலேயே மேலிடத்துக்கு முறையிட்டிருந்தார். நொபிலி புறச்சமயச் சடங்குகளை ஏற்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அதே பெர்னாண்டஸ் 1616 இல் இந்துக்களின் வழக்கங்களைப் பற்றி விரிவான ஒரு நூலும் எழுதி வைத்தார் என்பதை எண்ணும்போது, அவரும் தம் வழியில் இந்த மக்களை அறிய உழைத்தவர் என்றே சொல்ல வேண்டும்.

வழக்கு நீண்டது. உரோமாபுரியிலிருந்த கர்தினால் பெலார்மினே முதலில் மனம் வருந்திக் கண்டித்து எழுதினார். நொபிலியின் விளக்கத்தைப் படித்த பின் அவர் பக்கம் நின்றார். 1619 இல் கோவாவில் கூடிய சபையிலும் எதிர்ப்பு பலமாக இருந்தது. கடைசியில் 1623 சனவரி 31 ஆம் திகதி பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றைச் சமயப் பொருள் நீக்கி, குல அடையாளமாக மட்டும் புதுக் கிறிஸ்தவர் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதே ஆவணத்தில் உயர்குடியோர் தாழ்ந்தோரை இகழலாகாது என்றும் கடுமையாக அறிவுரை கூறினார்.

முதல் பகுதியை எல்லாரும் நினைவில் வைத்தார்கள். பின் பகுதி எவ்வளவு தூரம் கேட்கப்பட்டது என்பதற்கு நமது ஊர்க் கோயில்களின் பழைய வரலாறே சாட்சி. எந்தப் பக்கம் யார் இருப்பது, எந்தச் சேமக்காலையில் யாரைப் புதைப்பது என்று நடந்த சண்டைகளை நாம் அறிவோம். நொபிலி சாதியை உண்டாக்கவில்லை. இருந்ததை அவர் ஒரு சமுதாய ஒழுங்கு என்று கொண்டு, அதன் வழியே நடந்தார். சொற்களின் உட்பொருளை அவ்வளவு கூர்மையாகக் கேட்ட காதுக்கு, குலம் என்ற சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களின் குரல் போதிய அளவு கேட்கவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. பிற்காலத்தில், 1640 அளவில், எல்லாக் குலத்தவரிடமும் செல்லக்கூடிய பண்டாரசுவாமிகள் என்ற குருமாரை மதுரை மறைத்தளம் ஏற்படுத்தியது. அவருடைய காலத்திலேயே அது நடந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இனி நாம் தொடங்கிய சொற்களுக்கு வருவோம். அண்ட்ரிக் அடிகள் கடவுளுக்குத் ‘தம்பிரான்’ என்றார். நொபிலி ‘சருவேசுரன்’ என்றார். எல்லாவற்றுக்கும் ஆண்டவர் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பழைய போர்த்துக்கேயச் சொற்களை நீக்கி, கோயில், பூசை, அருள், வேதம், குரு என்று, சைவர் வழங்கிய சொற்களையே எடுத்துப் புதுப் பொருள் ஏற்றினார். இது துணிச்சலான காரியம். அயலவன் வீட்டுப் பாத்திரத்தை வாங்கிவந்து நம் வீட்டில் சமைப்பது போன்றது. பழைய மணம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்று அன்றே சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தச் சொற்கள் நின்றுவிட்டன. 1960களில் இலத்தீன் பூசை தமிழ்ப் பூசையாக மாறியபோது, புதிதாகச் சொல் தேடி அலைய வேண்டிய தேவை நம் முன்னோருக்குப் பெருமளவு இருக்கவில்லை. பின்னர் திருப்பலி, திருமுழுக்கு என்று தூய தமிழ்ச் சொற்கள் வந்து சேர்ந்தன. என்றாலும் காலையில் மணி அடித்ததும் நமது தாய்மார் பூசைக்குப் போகிறேன் என்றுதான் இன்றும் சொல்லிப் புறப்படுகிறார்கள்.

உரைநடையிலும் அவர் செய்தது கொஞ்சமல்ல. அந்நாளில் தமிழில் கற்றோர் பெரும்பாலும் செய்யுளில்தான் எழுதினர். நொபிலி ‘ஞானோபதேச காண்டம்’, ‘ஆத்தும நிர்ணயம்’, ‘தூஷண திக்காரம்’ போன்ற பெரும் நூல்களை உரைநடையில் எழுதினார். வடசொல் மிகுந்து, படிக்கச் சற்றுக் கடினமானவைதான். இன்றைய வாசகர் அவற்றில் ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் படித்து முடித்தால் பாராட்டுவேன். ஆனாலும் தத்துவப் பொருளைத் தமிழ் வசனத்தில் அப்படி விரித்து எழுதலாம் என்று காட்டியவர் அவர்.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இன்னொரு செய்தி. இந்த நொபிலி அடிகளார் நமது மண்ணிலும் வாழ்ந்தவர். மதுரையில் சிறையும் பல துன்பங்களும் கண்டபின், கண்பார்வை மங்கிய முதிய வயதில், 1640களின் நடுப்பகுதியில் அவர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது இங்கே போர்த்துக்கேயர் ஆட்சி. எந்தப் பறங்கிப் பெயரிலிருந்து விலகி நாற்பது ஆண்டு வாழ்ந்தாரோ, அந்தப் பறங்கியரின் கோட்டை நிழலில் அவர் சில காலம் இருக்க வேண்டியதாயிற்று. பின்னர் மயிலாப்பூருக்குச் சென்றார். அங்கே ஒரு குடிசையில், தாம் எழுத முடியாதபடியால் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, நூல்களைத் திருத்திக்கொண்டும் செபங்கள் இயற்றிக்கொண்டும் இருந்தார். இந்தியாவுக்கு வந்து ஐம்பது ஆண்டு கடந்து, 1656 சனவரி 16 ஆம் திகதி, எழுபத்தெட்டு வயதில் அங்கே காலமானார். யாழ்ப்பாணக் கோட்டை அதற்கு இரண்டு ஆண்டு கழித்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது, குருமார் துரத்தப்பட்டார்கள். அவர்கள் போன பின்னும், பூசையில்லாமல் முப்பது ஆண்டு கழித்த நம் குடும்பங்கள், தாம் தமிழில் கற்றிருந்த செபங்களை வீட்டுக்குள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தன. 1687 இல் கூலியாள் வேடத்தில் யோசவ்வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து, அவர்களைக் கண்டுபிடித்தார்.